கடைசியாக நன்றாக இருந்த நேரம்

“கடைசியா அவரை நல்லபடியா பார்த்தது எத்தனை மணிக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

“காலையில ஏழு இருபதுக்கு,” என்றாள் சின்னவள்.

அவள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, “தலையை வெளிய நீட்டாதீங்கப்பா, இது மூணாவது மாடி” என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார். கீழே ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது.

டாக்டர் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். கிராப்பு வெட்டிய, நடுத்தர வயதுப் பெண்மணி. சின்னவள் வேலைக்கு வந்திருந்த அந்த வெளிநாட்டின் மொழியில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலையில் மூன்று வருஷமாகச் சின்னவள் கற்றுக்கொண்டது பவர், பிரேம், கிட்டப்பார்வை, தூரப்பார்வை அளவுக்குத்தான். இன்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கரைக்க ஊசி இருக்கு. ஆனா நல்லா இருந்த நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நீங்க சொல்ற கணக்குப்படி அது எப்பவோ தாண்டிடுச்சு.”

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பதினெட்டு.

மூன்று பத்துக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா அதே நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். வாய் கோணியிருந்தது. வலது கை யாருடைய கையோ போலத் தொங்கியது. “அப்பா” என்று கூப்பிட்டதும் கண் மட்டும் திரும்பியது.

“ஏழு இருபதுக்குப் பிறகு யாராவது அவரோட பேசியிருக்காங்களா? பக்கத்து வீடு? போன்ல?”

“தெரியலையே டாக்டர்.”

“கண்டுபிடிங்க. இன்னொண்ணு.” இரண்டு பக்கப் பாரம் ஒன்றை நீட்டினார். “இதுல இருக்கற கேள்விக்கெல்லாம் எனக்குச் சரியான பதில் வேணும். அடிபட்டது, அறுத்தது, எங்கயாவது ரத்தம் கசிஞ்சது, சாப்பிடற மாத்திரை, எல்லாம். தெரியாததைத் தெரியும்னு சொல்லாதீங்க. இதுல ஒண்ணு தப்பாப் போனாலும், காப்பாத்த வேண்டிய ஊசியே ஆளைக் கொன்னுடும்.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அப்பா படுத்திருந்தார். இடது கை மட்டும் உயிரோடிருந்தது. அது எழுந்து எழுந்து தலைக்குப் போனது. பின்மண்டையைத் தொட்டது, கீழே விழுந்தது, மறுபடி எழுந்தது. நர்ஸ் அதைப் பிடித்துப் படுக்கையில் வைத்தான்.

“தலை வலிக்குது போல,” என்றான்.

சின்னவள் பாரத்தைப் பார்த்தாள். மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். அவற்றுக்கு மேலே அப்பாவின் பெயர், வயது எழுபது, இரண்டையும் எழுதியதோடு அவளுக்குத் தெரிந்தது முடிந்துவிட்டது.

அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

அங்கேதான் சின்னவளுக்குக் கை தயங்கியது. அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கெட்ட செய்தி சொல்வதில்லை. அது அந்த வீட்டின் எழுதாத சட்டம். கல்லூரிக் கடைசிப் பரீட்சை நடந்தபோது, அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பதினாறு நாள் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா படுத்திருந்தது ஆஸ்பத்திரியில். பரீட்சை முடிந்து போனபோது அம்மாவுக்கு மீதமிருந்தது இரண்டு நாள். சின்னவள் அன்று அக்காவை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். ஆனால் வெளிநாடு வந்து முதல் குளிர்காலத்தில் நிமோனியாவில் பதினோரு நாள் படுத்தபோது, “இங்க பனி கொட்டுது, ஜாலியா இருக்கு” என்று இவளும் மெசேஜ் அனுப்பினாள்.

அக்கா ஊரில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். தனி ஆள், ரத்த அழுத்தக்காரி. அப்பா விழுந்துவிட்டார் என்று போனில் கேட்டால் கடையிலேயே உட்கார்ந்துவிடுவாள். பதிலும் வராது. முதலில் பதிலை வாங்கிவிடுவோம், விஷயத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் கணக்குப் போட்டாள் சின்னவள்.

“என்னடி, இந்த நேரத்துல? வேலைக்குப் போகலையா?” மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் அக்கா கத்தினாள்.

“போய்ட்டு வந்துட்டேன். அக்கா, அப்பாவோட விசாவை ரெண்டு மாசம் நீட்டிக்கலாம்னு பார்க்கறேன். ஒரு பாரம் கொடுத்திருக்காங்க. வியாதி வெக்கை எல்லாம் கேட்டிருக்கான்.”

“வந்து பதினோரு நாள்தானே ஆச்சு? அதுக்குள்ள நீட்டிக்கிறியா? என்கிட்ட திருப்பி அனுப்பற எண்ணமே இல்லையா?”

“சீக்கிரம் சொல்லுக்கா, ஆபீஸ் மூடிடுவாங்க. சர்க்கரை?”

“இல்ல.”

“பி.பி.?”

கொஞ்சம் இடைவெளி. “இல்ல.”

“மாத்திரை ஒண்ணு போடறாரே, காலையில?”

“அது சத்து மாத்திரை. எழுதாதே.”

“ஆபரேஷன் ஏதாவது?”

“ஒண்ணும் கிடையாது.”

“தலையில அடிபட்டதுண்டா? ரத்தக் கசிவு ஏதாவது?”

மெஷின் நின்றது. அக்காவின் குரல் இப்போது கணீரென்று வந்தது. “எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுடி. உங்கப்பா குண்டுக்கல்லு மாதிரி இருக்கார். ஒரு நாள் தலைவலின்னு படுத்தவர் இல்ல. போதுமா? கஸ்டமர் நிக்கறாங்க, வைக்கறேன்.”

சின்னவள் இருபத்திரண்டு கட்டத்திலும் ‘இல்லை’ என்று கோடு போட்டாள். கோடு போடப்போட நெஞ்சு லேசானது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. நேரம் மட்டும்தான் இடிக்கிறது. நர்ஸிடம் பாரத்தைக் கொடுத்தாள். அவன் அதை உள்ளே கொண்டுபோனான்.

மணி நாலு முப்பத்தொன்று.

அப்போது அவள் கைப்பைக்குள் அப்பாவின் போன் அலறியது. திரையில் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்று இருந்தது. அப்பா பேருந்து டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்த காலத்தில் அங்கே உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட நண்பர். இருவரும் ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் பெயர் போகவில்லை. அப்பாவுக்கு அங்கே பெயர் ‘நிமிஷம்’.

“யோவ் நிமிஷம், என்னய்யா தூங்கிட்டியா?” எடுத்ததும் கேட்டது. “ஒண்ணு இருபது வண்டி ரிப்போர்ட் எங்க? மூணு மணி வண்டி ரிப்போர்ட் எங்க? குரூப்ல பதினேழு பேர் காத்துக்கிட்டிருக்கோம். வேலையை விட்டுட்டேன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போ.”

“மாமா, நான் சின்னவ பேசறேன்.”

“அட, பாப்பாவா. அப்பா எங்கம்மா?”

“என்ன ரிப்போர்ட் மாமா?”

“உனக்குத் தெரியாதா? அவர் வந்த நாள்ல இருந்து உங்க தெருவுல போற வண்டியெல்லாம் டைம் பார்த்து எங்களுக்கு வாய்ஸ் அனுப்பறார். எந்த வண்டி முந்துது, எது பிந்துது, எந்த டிரைவர் சரியில்ல, எல்லாம். நம்ம ஊரு வண்டி பரவாயில்லைன்னு நாங்களும் மனசைத் தேத்திக்கறோம்.”

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “இன்னிக்குக் கடைசியா எப்ப அனுப்பினார் மாமா?”

“ஏம்மா?”

“மாமா, அப்பாவுக்குப் பக்கவாதம் மாதிரி வந்திருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கோம். அவர் எப்ப வரைக்கும் நல்லா பேசினார்னு தெரிஞ்சாத்தான் ஊசி போடுவாங்க. சீக்கிரம்.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். “இரும்மா. இரு. பதறாதே. வீட்டுக்காரி போன்ல போட்டுக் காட்டறேன், நீ காதுல வச்சுக் கேளு.”

கரகரவென்று ஏதோ உரசியது. பிறகு அப்பாவின் குரல், சோறு மென்று முடித்தவுடன் பேசும் அந்த நிதானமான குரல், ஆஸ்பத்திரி நடையில் அவள் காதுக்குள் பேசியது.

“மணி ஒண்ணு அஞ்சு. பதினாலாம் நம்பர், சிவப்பு வண்டி, மூணு நிமிஷம் லேட். டிரைவர் பொண்ணு, புதுசு. கதவு மூடறதுக்கு முன்னாடி நகர்த்தறா. சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல போல. ஒரு அம்மா கையைக் காட்டிக்கிட்டே ஓடி வந்தாங்க, நிக்கல. அடுத்த வண்டி ஒண்ணு இருபது. ஸ்பேர் பார்ட்ஸ், உன் பல் செட்டு வந்துடுச்சா, போட்டோ போடு, பார்த்துச் சிரிக்கணும். ரைட்.”

ஒரு சொல் குழறவில்லை. அவள் சுவரில் சாய்ந்து எண்ணினாள். ஒன்று ஐந்து. நாலரை மணி நேரம். ஐந்து முப்பத்தைந்து. இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது.

“மாமா, வைக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

டாக்டர் போனை வாங்கி மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டார். மொழி புரியாவிட்டாலும் குரலைக் கேட்டதே அவருக்குப் போதுமாக இருந்தது. “நேரம் அவரே சொல்றாரா?” என்றார்.

“முதல் வார்த்தையே அதுதான். ஒண்ணு அஞ்சு.”

டாக்டர் பாரத்தைப் புரட்டினார். ‘இல்லை’ என்ற கோடுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். “நல்லது,” என்றார். “மருந்தைக் கலக்கச் சொல்றேன்.” உள்ளே போனார். அட்டை தேய்த்தால் மட்டும் திறக்கும் கதவு, அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

சின்னவள் நடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூன்று பத்துக்குப் பிறகு அவள் உட்கார்ந்தது இப்போதுதான்.

“மாமா, இருக்கீங்களா? நேரம் சரியா இருக்காம். ஊசி போடறாங்க. நீங்க போன் பண்ணலேன்னா என்ன ஆகியிருக்கும்னே தெரியல.”

“அதை விடும்மா. மனுஷன் எழுந்து உட்காரட்டும், முதல்ல நான் திட்டணும்.” அவர் மூக்கை உறிஞ்சினார். “ஏம்மா, தலை விஷயத்தை டாக்டர்கிட்ட சொல்லிட்டேல்ல?”

“எந்தத் தலை விஷயம்?”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மாமா.”

“ஒண்ணுமில்லம்மா. நான் வேற எதையோ நினைச்சுக்கிட்டு…”

“மாமா, எந்தத் தலை விஷயம்?”

“உங்கக்கா என்னைக் கொன்னே போடுவா. சத்தியம் வாங்கியிருக்கா.”

“மாமா, உள்ள மருந்து கலக்கிட்டாங்க. சொல்லுங்க.”

அவர் சொன்னார். ஒரே மூச்சில், வாந்தியெடுப்பது போலச் சொன்னார். ஒன்றரை மாசம் முன்னால் பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி நாலு நிமிஷம் முன்னதாகவே கிளம்பிவிட்டது. நிமிஷத்துக்குப் பொறுக்குமா? விசிலை ஊதிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடினார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம், இன்னும் பையில் விசில். நடைபாதை விளிம்பில் கால் இடறி மல்லாந்து விழுந்தார். பின்மண்டை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. “உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்கம்மா. தானா வத்திடுச்சுன்னும் சொன்னாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ அங்க தனியா உட்கார்ந்து அழுவேன்னு…”

மிச்சத்தை அவள் கேட்கவில்லை.

கதவு திறக்கவில்லை. கையால் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் தட்டினாள். கண்ணாடி வழியே நர்ஸின் முதுகு தெரிந்தது. கையில் ஊசிக்குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் இடது கை எழுந்தது. பின்மண்டைக்குப் போனது. விழுந்தது. மறுபடி எழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் வலியைக் காட்டவில்லை. இவ்வளவு நேரமாக அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் எல்லாரும் மறைத்ததை வாய் போனபின் ஒற்றைக் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் காலால் உதைத்தாள். நடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அந்த நாட்டு மொழி அத்தனையும் மறந்துபோய், “போடாதீங்க, போடாதீங்க” என்று தமிழிலேயே கத்தினாள்.

நர்ஸ் திரும்பினான். டாக்டர் வந்து கதவைத் திறந்தார்.

“தலை,” என்றாள். சொல் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. “தலையில அடி. ஒன்றரை மாசம். உள்ள ரத்தம். எனக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியும்.”

டாக்டர் திரும்பி ஒரே சொல் சொன்னார். நர்ஸ் ஊசிக்குழாயைத் தட்டில் வைத்தான். தட்டில் அது உருளும் சத்தம் சின்னவளுக்குக் கேட்டது.

“உறுதியா?” என்றார் டாக்டர். அவர் முகத்தில் கோபம் இல்லாதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. “வெறும் அடியா, ரத்தக் கசிவா? எந்தத் தேதி? படம் எடுத்தாங்களா? கேட்டுச் சொல்லுங்க. இந்தத் தடவை சரியா.”

அக்கா எடுத்ததும், “பாரம் கொடுத்தாச்சா?” என்றாள்.

“அக்கா, அப்பா கீழ விழுந்தாரா?”

“யார் சொன்னா? அந்தக் கிழவனா? லேசா சிராய்ப்புடி. அதையெல்லாம் விசா பாரத்துல எழுதி வச்சா அடுத்த வாரமே திருப்பி அனுப்பிடுவான். உன் பக்கத்துல ரெண்டு மாசம் இருக்கணும்னு அவருக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?”

அக்கா ஏன் இருபத்திரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ சொன்னாள் என்பது அப்போதுதான் சின்னவளுக்கு விளங்கியது. இவள் சொன்ன பொய்க்குப் பொருத்தமான பொய்யை அவள் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான்.

“அக்கா, விசா பாரம் இல்ல. நான் பொய் சொன்னேன். அப்பாவுக்கு மூளையில அடைப்பு. வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சு இல்ல. என் முன்னாடி படுத்திருக்கார். நீ இல்லைன்னு சொன்னதை நம்பி ஊசி போட இருந்தாங்க. போட்டிருந்தா செத்திருப்பார். தேதி சொல்லு.”

அந்தப் பக்கம் யாரோ வாடிக்கையாளர், “ரெண்டு பக்கமும் எடுத்துடுங்க” என்று சொல்வது கேட்டது. அக்கா உட்கார்ந்துவிட்டாள் என்றே சின்னவள் நினைத்தாள்.

“நாப்பத்தெட்டு நாள் ஆச்சு,” என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. “செவ்வாய்க்கிழமை. ஸ்கேன் மூணு தடவை எடுத்தாங்க. ரிப்போர்ட் எல்லாம் காப்பி எடுத்து வச்சிருக்கேன். ஒரு நிமிஷம் கொடு.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினான்கு பக்கம் வரிசை மாறாமல் வந்து விழுந்தது. டாக்டர் சின்னவளின் போனை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றாவது பக்கத்தில் நின்றார்.

“ஊசி முடியாது,” என்றார். “இன்னொரு வழி இருக்கு. தொடை ரத்தக்குழாய் வழியா கம்பி விட்டு, அடைப்பை இழுத்து எடுக்கறது. அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஆனா இந்தத் தலைக்கு அதுலயும் ஆபத்து உண்டு. ரத்தம் கசியலாம். மேஜையிலேயே போகலாம். செய்யலேன்னா இப்ப இருக்கற மாதிரியே, இல்ல இன்னும் மோசமா. நீங்கதான் சொல்லணும்.”

சின்னவள் அதை அப்படியே அக்காவிடம் சொன்னாள். மேஜையிலேயே போகலாம் என்பதையும் விடவில்லை.

“அப்பா முழிச்சிருக்காரா?” என்று கேட்டாள் அக்கா.

“முழிச்சிருக்கார்.”

“அவர்கிட்ட கேட்டியா?”

சின்னவளுக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. சின்னவள் படுக்கையருகே குனிந்தாள். சோப்பும் மருந்துமாக வாடை அடித்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இறந்ததை அவர் இப்போது நிச்சயம் நினைத்துக்கொண்டிருப்பார் என்று பட்டது.

“அப்பா. தலையில அடிபட்டது தெரிஞ்சுடுச்சு. ஸ்பேர் மாமா சொல்லிட்டார். டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு. தொடை வழியா கம்பி விட்டு எடுக்கறாங்களாம். உசுருக்கு ஆபத்து உண்டுப்பா. எடுக்கட்டுமா?”

இடது கை தலைக்குப் போகவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, கட்டை விரலால் அவள் கடிகாரத்தின் கண்ணாடியை இரண்டு முறை தட்டியது. முப்பத்தொரு வருஷம் டிரைவர்களுக்குக் காட்டிய சைகை. நேரமாச்சு, எடு.

“எடுக்கச் சொல்றார்க்கா,” என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து இரண்டுக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது டாக்டர் புதுப் பாரம் ஒன்றைக் கொடுத்தார். “மயக்க டாக்டருக்கு வேணும். முதல்ல இருந்து.”

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்து பாரத்தை மடியில் வைத்தாள். “அக்கா, முதல்ல இருந்து சொல்லு. ஒண்ணையும் விடாதே.”

“பி.பி. உண்டு. பதினோரு வருஷமா. அந்தச் சத்து மாத்திரை அதுதான்.”

“என்னிக்குக் கண்டுபிடிச்சாங்க? தேதி கேட்டிருக்கு.”

அக்கா தயங்கினாள். “நீ காலேஜ் இன்டர்வியூவுக்குப் போன அன்னிக்கு.”

சின்னவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. எட்டு நாற்பது வண்டி. டிப்போ வாசலில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். நேரக் காப்பாளர் கூண்டின் ஜன்னலில் அப்பா. அவள் ஓடி வருவதைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், விசில் ஊதுகிறார். வண்டி போயே போய்விட்டது. அழுதுகொண்டே அடுத்த வண்டியில் போய், இடம் கிடைத்து, அதற்குப் பிறகும் ஒன்பது நாள் அவரோடு அவள் பேசவில்லை. பத்தாம் நாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, “அந்த வண்டியில நாப்பது பேர் இருந்தாங்கம்மா, எல்லாருக்கும் எங்கயோ போகணும்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

“நீ அடுத்த வண்டியில ஏறினதும் கூண்டுக்குள்ளயே மயங்கி விழுந்துட்டார்,” என்றாள் அக்கா. “ஸ்பேர் மாமாதான் டிப்போ வேன்ல தூக்கிட்டுப் போனார். நூத்தித் தொண்ணூறு இருந்தது. உனக்குச் சொல்லக்கூடாதுன்னு அவரே சொல்லிட்டார். ‘அவ கோபமாவே இருக்கட்டும், பயப்பட வேணாம்’னார்.”

சின்னவள் எழுதினாள். பேனா அழுத்தி அழுத்திக் காகிதம் ஓரிடத்தில் கிழிந்தது. “அடுத்தது.”

“சிகரெட் உண்டு.”

“அப்பாவா?”

“பதினெட்டு வருஷம். கூண்டுல மட்டும். வீட்டுக்கு வரும்போது ஏலக்காய். நீ பிறந்தப்புறம் ஒருநாள் உன்னைத் தூக்கினதும் தும்மினியாம். அன்னிக்கு விட்டேன்னு சொல்வார். உண்மையில விட்டது அதுக்கு ஏழு வருஷம் கழிச்சு.”

சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுபோனது. “அடுத்தது.”

“கால் நரம்பு ஆபரேஷன், நின்னு நின்னு வந்தது. அப்ப உனக்கு டூர்னு சொன்னோம். இப்ப விழுந்தப்ப ஒன்பது நாள் நீ போன்ல கேட்ட குரலும் ஆஸ்பத்திரியில இருந்துதான். ‘பின்னாடி என்னப்பா கூச்சல்’னு ஒருநாள் கேட்டே. பேங்க்ல வரிசையில நிக்கறேன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர் சிரிச்சுட்டார், அவர் வாயை நான் பொத்தினேன்.” அக்காவின் குரல் உடைந்தது. “அந்த ஆள்கூட கேட்டார்டி, ஏம்மா அந்தப் பொண்ணுக்குச் சொல்லக்கூடாதான்னு. எனக்கு என்னமோ, சொல்லாம இருந்தா நடக்காத மாதிரி இருந்தது.”

“எனக்கும்தான்,” என்றாள் சின்னவள். “இன்னிக்கு நான் பண்ணதும் அதேதான்.”

பாரம் நிரம்பியது. இருபத்திரண்டில் பதினொன்றுக்கு ‘ஆம்’. அவள் அறிந்த அப்பா ஒரு பக்கத்தில் இருந்தார். அறியாதவர் மறுபக்கத்தில், தேதிவாரியாக இருந்தார். நர்ஸ் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஐந்து இருபது. ஐந்து முப்பத்தைந்து. ஊசிக்கு வைத்த கெடு கடந்து போனது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனை இருவரும் வைக்கவில்லை. பேசவும் இல்லை. அக்கா கடைக் கதவை இழுத்து மூடுவது கேட்டது. அப்புறம் அவள் மூச்சு மட்டும். ஸ்பேர் மாமா நடுவில் மூன்று முறை அழைத்தார். நான்காவது முறை எழுத்தில் அனுப்பினார்: ‘பதினேழு பேரும் முழிச்சிருக்கோம்.’

ஆறு பதினொன்றுக்குக் கதவு திறந்தது. டாக்டர் தலையில் பச்சைத் தொப்பியோடு வந்தார். போனில் அக்கா இருக்கிறாள் என்று சைகையால் காட்டினாள் சின்னவள். அவர் தலையசைத்துவிட்டு, அவளை உள்ளே அழைத்துப் போனார். கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது போனில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கார்?”

நல்லா இருக்கார் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அந்த வீட்டில் அதுதான் எப்போதும் முதலில் வரும். சின்னவள் அதை விழுங்கினாள்.

“அடைப்பை எடுத்துட்டாங்க. முழுசா இல்ல, முக்கால்வாசி. கொஞ்சமா ரத்தம் கசிஞ்சிருக்கு, அது பெருசாகுதான்னு நாளைக்குப் படம் எடுத்துப் பார்ப்பாங்க. இன்னிக்கு ராத்திரி எதுவும் சொல்ல முடியாதுன்னார் டாக்டர். வலது கை அசையல. கால் கட்டை விரல் மட்டும் அசையுது, நான் பார்த்தேன். வாய் இன்னும் கோணல்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிஞ்சுதான் பார்த்தாரான்னு எனக்குத் தெரியலக்கா.”

அக்கா மூக்கைத் துடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“சரி,” என்றாள். “இன்னும் என்ன சொன்னாங்க? சொல்லு. ஒண்ணையும் விடாதே.”